மத்தியாஸின் வேட்டு, லூசியின் வெடி

மணல்முனையில் யாரிடம் போய் மத்தியாஸைப் பற்றிக் கேட்டாலும் முதலில் துப்பாக்கியைத்தான் சொல்வார்கள். பைபர் படகில் விரிசல் விட்டால் ஒட்டுப் போடுகிறவர், அந்தக் கரையில் அவர் கை படாத படகே கிடையாது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலே தூக்கிவாரிப் போடுகிற ஆள் அவர் என்பது மட்டும் வரவே வராது. அது அவர் மனைவி லூசிக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

தாமிரபரணி கடலில் போய்ச் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது மணல்முனை. ஊருக்கு நடுவே மிக்கேல் சம்மனசு கோயில், அதாவது தேவதூதர் மிக்கேலுடைய கோயில். செப்டம்பரில் திருவிழா. கொடியேற்றத்தன்று கொடி உச்சியைத் தொட்டதும் ஒரு வேட்டு போட வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் கோயில் மணி அடிக்கலாம். மணி அடித்தால்தான் திருவிழா தொடங்கியதாக அர்த்தம். அந்த வேட்டைப் போடும் உரிமை தலைமுறை தலைமுறையாக மத்தியாஸ் குடும்பத்துக்கு. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து, பின்பக்கம் அடித்தால் தீப்பொறி விடுகிற சின்னக் 'கேப்' ஒன்றை மாட்டிச் சுடுகிற பழங்காலத் துப்பாக்கி. லைசென்ஸ் அவருடைய அப்பா பேரிலிருந்து இவர் பேருக்கு மாறியது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பார். முடிந்ததும் திரும்ப வாங்கி வந்து சுவரில் மாட்டுவார்.

ஊரிலேயே ஒரே துப்பாக்கியை வைத்திருக்கிற மனுசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? டீக்கடையில் உட்கார்ந்தால் படகை மறித்த சுறாவைத் தான் ஒரே சூட்டில் சாய்த்த கதை கட்டாயம் வரும். குண்டே போடாமல் வெறும் மருந்தை வெடிக்கிற துப்பாக்கியால் சுறா எப்படிச் செத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், சத்தத்திலேயே செத்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

உண்மை என்னவென்றால், இருபது வருடத்துக்கும் மேலாக அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை.

அப்பா இறந்த வருடம் உரிமை மத்தியாஸ் கைக்கு வந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. லூசி முழுகாமல் இருந்தாள். கொடி உச்சியைத் தொட்டது. மத்தியாஸ் துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி, கண்ணை இறுக மூடி, விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மத்தியாஸுக்குக் கால் வழியாக உயிர் போய்க்கொண்டிருந்தபோது, அசன விருந்துக்கான அண்டா குண்டாக்களை வைக்கிற அசனப்புரைக்குப் பின்னாலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். மணி அடித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மத்தியாஸ் கண்ணைத் திறந்து பார்த்தால், புரைச் சுவரோரமாக லூசி ஊதுபத்தியைப் பின்னால் மறைத்தபடி, ஒன்றுமே தெரியாதவள் போல வந்துகொண்டிருந்தாள். ஓர் உடைந்த பானைக்குள் அணுகுண்டு வெடியைப் போட்டுப் பற்ற வைத்திருந்தாள்.

"ஏட்டி, உனக்கு எப்படி அந்த நேரத்துல வெடி கெடச்சுது?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"சம்மனசு குடுத்தாரு" என்றாள் லூசி.

நன்றியில் மத்தியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் துருவவில்லை. மறு வருடமும் அதே ஏற்பாடு, அதற்கு மறு வருடமும் அதேதான். கணவன் இங்கே விசையை இழுப்பதுபோல் பாவனை செய்து பின்னால் தள்ளாடுவார். மனைவி அங்கே திரியைப் பற்ற வைப்பாள். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வருடங்களில்கூட அந்த ஒரு கணம் தவறியதில்லை. புகை வர வேண்டுமே என்று குழல் வாயில் ஒரு கை முகப் பவுடரைத் திணித்து வைப்பார் மத்தியாஸ். உதறும்போது அது வெள்ளையாகப் பறக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள், "மத்தியாஸ் வேட்டு மணக்கும், கேட்டியா" என்று வெளியூர் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்கள். பீடச் சிறுவர்களோ அது சம்மனசின் வாசனை என்றே நம்பினார்கள்.

முதல் வருடம் போட்ட மருந்து உள்ளேயே கிடந்தது. அதை எடுக்க மத்தியாஸுக்குப் பயம். எடுக்கிறபோது வெடித்துவிட்டால்? அவருடைய அப்பா வலது கையில் இரண்டு விரல் இல்லாமல்தான் செத்தார். அது இதே துப்பாக்கி ஒரு கொடியேற்றத்தில் செய்த வேலை. ஆகவே மருந்தை அப்படியே விட்டுவிட்டார். தேர்தல்தோறும் காவல் நிலையத்துக்கும் அது அப்படியேதான் போய் வந்தது. இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆனால் வெளியே பராமரிப்பு பிரமாதம். படகுப் பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவது கடற்கரைப் பழக்கம். மரத்துக்கு நல்லதென்றால் இரும்புக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று வருடா வருடம் குழலுக்கு மீன் எண்ணெய் பூசினார். உப்புக்காற்று அதன் மேல் வந்து உட்கார்ந்தது. எண்ணெயும் உப்பும் துருவும் சேர்ந்து குழல் முழுக்கப் பக்குப் பக்காகக் கட்டிக்கொண்டது. கொடியேற்றத்துக்கு அதை அவர் தோளில் சாய்த்து நடக்கும்போது தெருவில் இருக்கிற பூனைகள் எல்லாம் பின்னாலேயே பவனி வரும்.

இந்த வருடம்தான் வினை வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் கிறிஸ்டி கூட்டத்தில் எழுந்து அறிவித்தார்.

"குவைத்துல, துபாய்ல இருக்க நம்ம பிள்ளைய எல்லாம் கேக்குதாங்க. கொடியேத்தத்த நேரலையா காட்டப் போறோம். கோயில் முத்தத்துல பெரிய திரை வேற. ட்ரோன் ஏற்பாடு பண்ணியாச்சு. மத்தியாஸ் அண்ணன் வேட்டு போடுறத மேல நின்னு சுத்திச் சுத்திக் காட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியாஸும் தட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏட்டி லூசி, மேலேருந்து பாத்தா அசனப்புரைச் சுவரு உன்ன மறைக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் ஒரு ஓலைக் கூரை போட்டுட்டா?"

"உள்ள வெடியக் கொளுத்துனா கூரையும் பத்திக்கிட்டு எரியும். அதையும் குவைத்துல இருந்து உம் மக பாப்பா."

மகள் ரெனிஷா குவைத்தில் நர்ஸ். அப்பாவின் சுறாக் கதையை அங்கே கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் கண் முன்னால், ஊர் கண் முன்னால், பெரிய திரையில் மத்தியாஸ் பல்லிளிக்க வேண்டியதுதான். தான் மட்டுமல்ல, லூசியும் சேர்ந்தல்லவா மாட்டுவாள். அப்புறம் அந்த ஊரில் உரிமை ஏது, மரியாதை ஏது?

"துப்பாக்கியச் சரி பண்ணிர வேண்டியதுதான். மேலப்பாளையத்துல லைசென்ஸ் உள்ள கடை இருக்காம்" என்றார்.

லூசி அரிவாள்மணையிலிருந்து எழுந்தே விட்டாள். "அது செத்த துப்பாக்கி. அதப் போயி எழுப்பாதிய."

"ஏன்?"

"ஏன்னா... ஏன்னா என்ன ஏன்? வேண்டாம்னா வேண்டாம்."

மத்தியாஸ் கேட்கவில்லை. பாயில் சுற்றி, லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வண்டி புறப்படுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

"என்ன அண்ணாச்சி, சீலா மீனா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா, துப்பாக்கி."

"நல்லா சொன்னிய போங்க" என்று சிரித்துக்கொண்டே மீனுக்கான லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மேலப்பாளையம் கடையில் ஆபிதா பீவி இருந்தாள். கணவர் நடத்திய கடை. அவர் காலத்துக்குப் பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றி வாங்கியிருந்தாள். வங்கிக் காவலாளிகளின் துப்பாக்கியும், களக்காட்டுப் பக்கம் பன்றி விரட்டுகிறவர்களின் துப்பாக்கியும் அவளிடம்தான் வரும். சீக்குப் பிள்ளையை முற்றவிட்டுத் தூக்கி வருகிற தாயை டாக்டர் திட்டுவது போல, துப்பாக்கிக்காரர்களைத் திட்டுவது அவள் வழக்கம். பாயைப் பிரித்ததும் முக்காட்டு நுனியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இது என்ன அண்ணாச்சி, துப்பாக்கியா, கருவாடா?"

வாசலில் அதற்குள் பூனைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆபிதா பீவி ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் குழல் வாய்க்குள் இறக்கினாள். அது நின்ற இடத்தில் கட்டை விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்துப் பார்த்தாள். அடி வரை போயிருக்க வேண்டிய கம்பி நாலு விரற்கடைக்கு மேல் குறைவாக நின்றது.

"அண்ணாச்சி, உள்ள ஆள் இருக்கு."

"மருந்துதான் தங்கச்சி. எடுக்கல."

"எப்பப் போட்டது?"

"எம் பொண்டாட்டி முழுகாம இருக்கும்போது."

"இப்ப பிள்ளைக்கு என்ன வயசாவுது?"

"குவைத்துல நர்சா இருக்கா."

"அல்லாவே!" ஆபிதா பீவி குழல் வாயைப் பையச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "இதத் தூக்கிக்கிட்டா இத்தன வருசமும் கூட்டத்துல நின்னிய? உங்களுக்குக் கூறு இருக்கா?"

திட்டுவதற்கு இடையிடையே வேலையும் நடந்தது. குழலில் தண்ணீரை ஊற்றி ஊற வைத்தாள். "போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றாள். மத்தியாஸ் அடுத்த வாரம் வரை பொறுக்க மாட்டாமல் இரண்டே நாளில் போய் நின்றார். நல்ல வேளை, அன்றைக்குத்தான் அவள் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க உட்கார்ந்திருந்தாள்.

நுனியில் திருகு வைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தாள். முதலில் மருந்துக்கு மேல் அடைத்திருந்த தேங்காய் நார்ச் சுருள் வந்தது. அடுத்து மருந்து, உடன்குடிக் கருப்பட்டி மழையில் நனைந்தது போலக் கறுப்பாகக் கரைந்து வழிந்தது. அத்தோடு முடிந்தது என்று மத்தியாஸ் எழுந்தார். ஆபிதா பீவி கம்பியை மறுபடி இறக்கிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னும் இருக்கு."

"மருந்து வந்துட்டுல்லா?"

"மருந்துக்கும் அடியில இருக்கு."

குழலின் அடிப்பகுதியைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாள். பிறகு கவிழ்த்தபோது தட்டில் வெள்ளையாக ஏதோ ஒழுகியது. மெழுகு. கோயில் மெழுகுவர்த்தி வாசனை. ஒழுகி முடிகிற நேரத்தில் தட்டில் 'ணங்' என்று ஒன்று விழுந்தது. அவள் அதைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு வெள்ளிச் சுரூபம். குழந்தையைக் கையில் ஏந்திய அந்தோனியார்.

மத்தியாஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அந்தோனியாரை அவருக்குத் தெரியும். கல்யாணத்தன்று லூசியின் சங்கிலியில் தொங்கியவர். தலைப்பிள்ளை பிறப்பதற்கு முன்னால் காணாமல் போனவர். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார்; அவரே காணாமல் போனால் யாரிடம் போய் மன்றாடுவது? "குடிச்சு வித்திருப்பான்" என்று லூசியின் அம்மா தீர்ப்புச் சொன்னாள். அந்தத் தீர்ப்பைச் சாகும்வரை மாற்றவில்லை. லூசியும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டை வருகிறபோதெல்லாம், "என் அந்தோனியார எங்கன தொலைச்சியளோ" என்று கடைசியில் ஒரு போடு போடுவாள். மத்தியாஸ் அடங்கிப் போவார். ஒருவேளை நாம்தான் எதையாவது செய்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம்.

"அண்ணாச்சி, மெழுகு மருந்துக்கு அடியில இருக்கு" என்றாள் ஆபிதா பீவி. "அப்படின்னா நீங்க மருந்து போடுறதுக்கு முந்தியே ஆரோ ஊத்தியிருக்காவ. கேப்பு வெடிச்சாலும் நெருப்பு மருந்துக்குப் போவாது. வெவரமா அடைச்சிருக்கா."

"அடைச்சிருக்கா-ன்னா, பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"ஆம்பள ஊத்தியிருந்தா பாதிய வெளிய சிந்தியிருப்பான்."

முதல் வருடம் லூசியின் கையில் வெடி தயாராக இருந்த மர்மம் மத்தியாஸுக்கு விளங்கியது. அவள் காப்பாற்றினாள் என்று இத்தனை வருடம் உருகிக்கொண்டிருந்தாரே, கவிழ்த்ததும் அவள்தான்! முதலில் அவருக்குக் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே, ஏன் என்று தெரியாமல் சிரிப்பும் வந்தது. ஆபிதா பீவியின் முன்னால் இரண்டையும் காட்டாமல் இருக்க மீசையை நீவிக்கொண்டார்.

"அந்த மகராசிக்கு நீங்க சீலை எடுத்துக் குடுக்கணும்" என்றாள் அவள். குழலின் அடியை அடைத்திருந்த திருகு மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "இங்கன பாருங்க. குழல் வாயெல்லாம் துரு தின்னுருக்கு. மெழுகு இருந்த இடம் மட்டும் அப்படியே பளபளன்னு இருக்கு. மருந்து வெடிக்கிறது இந்த இடத்துலதான். இது போயிருந்தா, சுவத்துல மாட்டி அழகு பாருங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

பிறகுதான் துருவோடு மல்லுக்கட்டு. பக்குப் பிடித்த குழலை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பித்தளைத் தூரிகையால் உள்ளேயும் வெளியேயும் தேய்த்தாள். குழல் முழுதும் முங்குகிற நீளத் தகரத் தொட்டியை அடுப்பில் ஏற்றித் தண்ணீரில் கொதிக்க வைத்தாள். சிவப்புத் துரு கொதித்துக் கொதித்துக் கறுப்பாக மாறியது. அந்தக் கறுப்பைக் கம்பி நாரால் மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் கொதிக்க வைத்தாள். மத்தியாஸ் வந்த நாட்களில் அவரையும் தேய்க்க உட்கார்த்தினாள். படகுக்கு ஒட்டுப் போடுகிற கை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்ததில் குழல் நெடுக அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தாலும் இரும்பு கறுத்து மினுங்கியது. மீன் எண்ணெய் வாடை போனதும் பூனைகளும் வாசலை விட்டுப் போய்விட்டன.

கடைசி நாள் புறக்கடையில் துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவே கட்டி, விசையில் கயிறு மாட்டிச் சுவருக்கு இப்பால் நின்று இழுத்தாள் ஆபிதா பீவி. நாலு சுவருக்குள் அந்தச் சத்தம் இடிபோல் முழங்கியது. மத்தியாஸ் துள்ளிய துள்ளலில் செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"மருந்து நான் அளந்து குடுக்கதுதான். ஒரு சிட்டிகை கூடப் போடக் கூடாது. வெளியில வச்சு வெடிச்சா சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்" என்று எச்சரித்தாள்.

"வேட்டு வேட்டுதான தங்கச்சி" என்றார் மத்தியாஸ், காதைக் குடைந்துகொண்டே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஒரு திட்டம் போட்டார். சட்டைப் பையில் அந்தோனியார் இருந்தார். அவரைச் சட்டென்று எடுத்து நீட்டிவிட்டால் என்ன ருசி? இருபது வருடத்துக்கும் மேலான பாக்கி அல்லவா!

லூசி வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன சொன்னா அந்த அக்கா?"

"ஜோராப் பண்ணிட்டா. பாத்தியா, மினுமினுங்குது."

"உள்ள எல்லாம்... பாத்தாளா?"

"பாத்தா."

"அடி வரைக்குமா?"

மத்தியாஸ் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டார். "அடி வரைக்கும் போகல. அடியில என்னமோ கெட்டியா இருக்காம். அதனால ஒண்ணும் தப்பில்ல, கெடந்துட்டுப் போகட்டும்னுட்டா."

லூசியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. துப்பாக்கி வெடிக்காது என்பது இப்போது அவளுக்கு நிச்சயம். ஏன் வெடிக்காது என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். சொல்லாவிட்டாலோ பெரிய திரையில் மானம் போகும். அன்று ராத்திரி குழம்பில் உப்பு இல்லை. மறுநாள் குழம்பில் உப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. மத்தியாஸ் ரசித்துச் சாப்பிட்டார்.

"நா... நான் வழக்கம்போல வெடியோட நிக்கட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எதுக்கு? அதான் துப்பாக்கி சரியாயிட்டே. அந்தப் பக்கமே போவாத. ட்ரோன்காரன் பாத்துருவான்."

"இல்ல, ஒரு வேள..."

"ஒரு வேள, என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை. மத்தியாஸ் எதேச்சையாகப் பெண்கள் பக்கம் பார்த்தார். ஊரே வாய்விட்டு ஜெபிக்க, லூசி மட்டும் கண்ணை மூடி, வெற்றுச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு வேறு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. மத்தியாஸுக்குப் பாவமாகப் போய்விட்டது. அப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று எழப் பார்த்தார். அதற்குள் கிறிஸ்டி வந்து, நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பி நின்றால் திரையில் நன்றாக விழும் என்று ஆரம்பித்துவிட்டார். சொல்லாமல் போனது அவர் குற்றம்தான். கிறிஸ்டி மேல் மட்டும் பழி போட முடியாது, அவளைச் சீண்டிப் பார்க்கும் ஆசையும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்தது. முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. பெரிய திரையில் கோயில் கூரையும் தலைகளும் அசைந்தன. ட்ரோன் வண்டு போல இரைந்துகொண்டு மத்தியாஸின் தலைக்கு மேல் வந்து நின்றது. ஆபிதா பீவி அளந்து கொடுத்த மருந்து உள்ளே இருந்தது. பவுடர் கிடையாது. சட்டைப் பையில் அந்தோனியார். இந்தத் தடவை பாவனை இல்லை, நிஜம் என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அப்பாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. கொடி மேலே, மேலே போய் உச்சியைத் தொட்டது.

மத்தியாஸ் விசையை இழுத்தார்.

'டப்.'

குழல் வாயிலிருந்து நிஜப் புகை, கறுப்பும் சாம்பலுமாக எழுந்தது. திரையில் அட்டகாசமாகத் தெரிந்தது. இத்தனை வருடம் பின்னால் தள்ளாடிப் பழகியவர், நிஜமாக வெடித்தபோது அதை மறந்து நட்டமரமாக நின்றுவிட்டார். பிறகு ஞாபகம் வந்து, சத்தமெல்லாம் அடங்கிய பின் இரண்டடி தள்ளாடினார்.

மணி அடிக்கவில்லை.

மணிக்கூண்டுக்குள் நிற்கிற பெனிட்டோவுக்குக் கொடி தெரியாது. சத்தம்தான் அவனுக்கு அடையாளம். விவரம் தெரிந்த நாளிலிருந்து லூசியின் அணுகுண்டுதான் அவன் கேட்டு வளர்ந்த வேட்டு. வெட்டவெளியில் 'டப்' என்றதை ஏதோ சைக்கிள் டயர் என்று நினைத்து, கயிற்றைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். முற்றத்தில் சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பங்குச் சாமியார் கிறிஸ்டியைப் பார்த்தார். கிறிஸ்டி மத்தியாஸைப் பார்த்தார். உச்சியில் கொடி படபடத்தது. மறுபடி மருந்து போட்டுக் கெட்டிக்க நேரமேது? அன்றைக்கு 'டிக்' என்றபோது நின்ற அதே இடத்தில், அதே வேர்வையோடு நின்றார் மத்தியாஸ்.

'டமார்!'

கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பின. அதே கணத்தில் மணி முழங்கத் தொடங்கியது. ட்ரோன் சத்தம் வந்த திசைக்குத் திரும்பிப் பறந்தது. பெரிய திரையில், அசனப்புரைக்குப் பின்னால், புகைகிற உடைந்த பானையின் பக்கத்தில், கையில் ஊதுபத்தியோடு, காதைப் பொத்திக்கொண்டு, பட்டுச்சேலையில் குந்தியிருந்தாள் லூசி. ஊர் பார்த்தது. குவைத் பார்த்தது. லூசி நிமிர்ந்து தலைக்கு மேல் நிற்கிற வண்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணே இது?" என்றார் கிறிஸ்டி.

மத்தியாஸ் வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லிப் பழகியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இருக்க வேண்டும். துப்பாக்கியை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"இரட்டை வேட்டு, வே! கொடிக்கு ஒண்ணு, மணிக்கு ஒண்ணு. கொடி வேட்டு நான், மணி வேட்டு எம் பொண்டாட்டி. பெரிய திரை, ட்ரோனுன்னு நீங்க எல்லாம் இவ்வளவு செலவழிச்சுச் செய்யுதிய. நாங்க சும்மா இருப்பமா?"

அப்புறம் கைத்தட்டலில் முற்றம் அதிர்ந்தது. மத்தியாஸ் வேட்டு வெடித்ததைத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்றே, சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஒரே ஒரு பெரியவர் மட்டும், "ரெண்டாவதுதான் வேட்டு. முத வேட்டுல சத்தமும் இல்ல, வழக்கமான மணமும் இல்ல" என்று குறைப்பட்டார். கிறிஸ்டி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, இனி வருடா வருடம் மணி வேட்டு லூசி அக்கா உரிமை என்று அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் லூசி பிடித்துக்கொண்டாள். "வெடிச்சுச்சா? நெசமாவே வெடிச்சுச்சா? எப்படி?"

மத்தியாஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். லூசி குனிந்து பார்த்தாள். அந்தோனியாரும் அவளைப் பார்த்தார்.

"எங்கன கெடந்தாரு?" என்றாள். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. நெஞ்சழுத்தக்காரி.

"நீ வச்ச எடத்துலதான்."

"அடி வரைக்கும் போகலன்னு சொன்னிய?"

"நான் குடிச்சு வித்துட்டேன்னு சொன்னா உங்கம்மா. நீ வாயத் தொறந்தியா?"

லூசி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எங்கோ ஓரிடத்தில் அது அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டு வெரலு இல்லாம மாமா சோத்தப் பெசைய முடியாம பெசைவாங்க. மீனு முள்ளு எடுக்க வராது. நான்தான் எடுத்துக் குடுப்பேன். அதத் தெனமும் பாத்துட்டு, வயித்துல பிள்ளையையும் வச்சுக்கிட்டு, உங்க கையில அதக் குடுக்க எனக்கு மனசு வரல. மெழுக ஊத்தினேன். மெழுகு மட்டும் போதுமான்னு பயம். அவரையும் உள்ள போட்டுட்டேன்."

மத்தியாஸ் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். கடைசியில், "அடுத்த வருசம் நீயும் எம் பக்கத்துலயே வந்து நில்லு. எனக்குப் பயமா இருக்கு" என்றார். இருபது வருடத்துக்கும் மேலாகச் சுறாவைச் சுட்டுக்கொண்டிருந்த வாய் சொன்ன முதல் உண்மை அது.

"நான் எதுக்கு உங்க பக்கத்துல நிக்கணும்? எனக்குத்தான் தனி வேட்டு இருக்கே" என்றாள் லூசி.

அந்தோனியாரைச் சங்கிலியில் கோத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மாட்டிவிடச் சொல்லித் திரும்பி நின்று கழுத்தைக் காட்டினாள். பத்து விரலும் இருந்தும் அந்தச் சின்னக் கொக்கியை மாட்ட அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.